பர்த்தலோமேயு சீகன்பால்க்

பர்த்தலோமேயு சீகன்பால்க் (ஜூலை 10, 1682 – பெப்ரவரி 23, 1719) ஜெர்மனியைச் சேர்ந்த லூத்தரன் கிறித்தவ மறைபரப்பாளரும் தமிழறிஞரும் ஆவார். டென்மார்க் மன்னரால் அனுப்பப்பட்டு 1706 ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்தார். மறைபரப்புப் பணிக்கென்றே இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட முதல் சீர்திருத்தத் திருச்சபையினராக இவரும் இவருடன் வந்த ஹென்ரிக் புளுட்சோவும் கருதப்படுகின்றனர். புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து அச்சிட்டது, தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் நிறுவியது, தமிழ் ஓலைச்சுவடிகளைத் திரட்டி அவற்றுக்கு விளக்கப்பட்டியல் எழுதியது ஆகியவை இவருடைய குறிப்பிடத்தக்க பணிகளாகும்.

தமிழகத்தில் இவர் பணியாற்றிய காலம், இடையில் ஐரோப்பா சென்று வந்த ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளையும் சேர்த்து, பதின்மூன்று ஆண்டுகளுக்கும் குறைவே. இறக்கும்போது இவருக்கு வயது 36. இக்குறுகிய காலத்தில் இவர் சந்தித்த இடையூறுகளில் பெரும்பாலானவை தமிழ் மக்களிடமிருந்து வந்தவை அல்ல. இவரை அனுப்பிய ஐரோப்பியரிடமிருந்தே வந்தவை. இவருடைய வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இது முக்கியமான செய்தியாகும்.

பிறப்பும் கல்வியும்

சீகன்பால்க் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் உள்ள புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை தானிய வணிகர். சிறு வயதிலேயே தாயையும் சில ஆண்டுகளுக்குள் தந்தையையும் இழந்தார். மூத்த சகோதரியின் ஆதரவில் வளர்ந்து, கேர்லிட்ஸ், பெர்லின் ஆகிய நகரங்களில் பயின்று, 1703 இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இளமை முதலே உடல்நலம் குன்றியவராக இருந்தமையால் இவருடைய படிப்பு பலமுறை தடைப்பட்டது.

ஹாலே நகரம் அக்காலத்தில் பக்திநெறி இயக்கம் எனப்படும் சமயச் சீர்திருத்த இயக்கத்தின் மையமாக விளங்கியது. சடங்குகளையும் கோட்பாட்டு வாதங்களையும் விடத் தனிமனிதரின் மனமாற்றத்துக்கும் நற்செயல்களுக்கும் இவ்வியக்கத்தினர் முதன்மை அளித்தனர். இதன் தலைவர்களுள் ஒருவரான அகஸ்ட் ஹெர்மன் பிராங்கே ஹாலேயில் ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லத்தையும் பள்ளிகளையும் நடத்திவந்தார். ஏழைப் பிள்ளைகளுக்கும் எழுத்தறிவு வேண்டும், ஒவ்வொருவரும் வேதநூலைத் தம் தாய்மொழியில் தாமே படிக்க வேண்டும் என்னும் எண்ணங்களைச் சீகன்பால்க் இங்கிருந்தே பெற்றார் எனலாம். பின்னாளில் தரங்கம்பாடியில் இவர் முதலில் தொடங்கியவை பள்ளிகளாக இருந்ததற்கும் இதுவே காரணம்.

தரங்கம்பாடிக்கு வருகை

தஞ்சை நாயக்க மன்னர் ரகுநாத நாயக்கருடன் 1620 இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி தரங்கம்பாடி டேனியரின் வணிகத் தலமாயிற்று. கடற்கரையில் டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டி, ஊரையும் அதனைச் சூழ்ந்த சில சிற்றூர்களையும் டேனிய கிழக்கிந்திய நிறுவனம் நிருவகித்து வந்தது. எட்டு தசாப்தங்களுக்கு மேல் அங்கிருந்தும் டேனியர் எவரும் உள்ளூர் மக்களிடையே சமயப் பணி செய்ய முற்படவில்லை. நிறுவனத்தின் நோக்கம் வணிகம் மட்டுமே.

டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக் தம் ஆட்சிக்குட்பட்ட தொலைநாடுகளுக்கு மறைபரப்பாளரை அனுப்ப விரும்பினார். இதற்கு டென்மார்க்கில் தகுந்தவர் கிடைக்காததால் ஜெர்மனியில் தேடப்பட்டு, சீகன்பால்க்கும் புளுட்சோவும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இருவரும் கோபன்ஹேகனில் குருப்பட்டம் பெற்று, 1705 நவம்பர் இறுதியில் சோபியா ஹெட்விக் என்னும் கப்பலில் புறப்பட்டனர். நன்னம்பிக்கை முனை வழியாக ஏழு மாதங்களுக்கு மேல் பயணம் செய்து 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கரையிறங்கினர்.

அவர்களுக்கு வரவேற்பு எதுவும் இருக்கவில்லை. கோட்டைத் தளபதி ஹாசியஸ் அவர்களை நெடுநேரம் காக்கவைத்து, பின்னர் கடிந்து பேசித் தெருவில் விட்டுச் சென்றதாக அவர்களின் குறிப்புகளிலிருந்து தெரிகிறது. மறைபரப்பாளருக்கு ஒத்துழைக்க வேண்டாமென நிறுவனத்தின் இயக்குநர்கள் தளபதிக்கு மறைமுகமாக அறிவுறுத்தியிருந்தனர் என்றும் கூறப்படுகிறது. இதற்குக் காரணங்கள் இருந்தன. இவ்விருவரும் மன்னரின் ஆணையுடன் வந்தவர்கள். நிறுவனத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். சமய மாற்றத்தால் உள்ளூர் வணிகர்களும் தஞ்சை மராட்டிய அரசும் பகைத்துக்கொண்டால் வணிகம் கெடும். மேலும், அங்கு நடப்பவற்றை நேரில் கண்டு மன்னருக்கே எழுதக்கூடிய இருவர் ஊருக்குள் வந்து தங்குவதை எந்த அதிகாரியும் விரும்பியிருக்க மாட்டார்.

தமிழ் கற்றல்

தரங்கம்பாடியில் ஐரோப்பியருடன் பழகியவர்களிடையே போர்த்துக்கீசு மொழி பொதுமொழியாக வழங்கியது. புளுட்சோ அதனைக் கற்க, சீகன்பால்க் தமிழைக் கற்பதென இருவரும் பிரித்துக்கொண்டனர். அக்காலத்தில் ஐரோப்பியர் தமிழ் மொழியை மலபார் மொழி என்றும் தமிழரை மலபாரிகள் என்றும் அழைத்தனர். இது இன்றைய கேரளத்தின் மலபாரைக் குறிப்பதன்று. சீகன்பால்க்கின் நூல்களைப் படிப்போர் இதனை மனத்திற்கொள்ள வேண்டும்.

அப்போது ஐரோப்பியர் ஒருவர் தமிழ் கற்பதற்கு எளிதில் கிடைக்கும் இலக்கணநூலோ அகராதியோ தரங்கம்பாடியில் இல்லை. எனவே சீகன்பால்க் திண்ணைப் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவரைத் தம் பள்ளியைத் தாங்கள் தங்கியிருந்த வீட்டிலேயே நடத்துமாறு கேட்டுக்கொண்டார். பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகும்போது இவரும் அவர்களுடன் அமர்ந்து எழுதினார். பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்ற, குருப்பட்டம் பெற்ற ஒருவர் சிறுவர்களுடன் தரையில் அமர்ந்து அகரம் எழுதியது அவ்வூர் ஐரோப்பியருக்கு நகைப்புக்குரியதாக இருந்திருக்கும். ஆனால் எழுத்தின் ஒலியும் வரிவடிவமும் இவருக்கு விரைவில் கைவந்தமைக்கு இம்முறையே உதவியது.

எழுத்து கற்ற பின் பொருள் விளங்க ஒருவர் தேவைப்பட்டார். டேனிய நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவரும் ஐரோப்பிய மொழிகள் சிலவற்றை அறிந்தவருமான அழகப்பன் என்பவர் இவருக்கு ஆசிரியரானார். எட்டு மாதங்களுக்குள் சீகன்பால்க் தமிழில் உரையாடவும் படிக்கவும் எழுதவும் தேர்ச்சி பெற்றார்.

இவருடைய அன்றாட ஒழுங்கு பற்றிய குறிப்பு ஒன்று கிடைத்துள்ளது. காலை ஏழு மணி முதல் எட்டு வரை முன்னரே எழுதிவைத்த சொற்களையும் சொற்றொடர்களையும் திரும்பப் படிப்பார். எட்டு முதல் பன்னிரண்டு வரை, அதற்குமுன் படித்திராத தமிழ் நூல்களை மட்டுமே முதிய புலவர் ஒருவரையும் எழுத்தர் ஒருவரையும் அருகில் வைத்துக்கொண்டு படிப்பார். புலவர் பொருள் கூறுவார். புதிய சொற்களை எழுத்தர் குறித்துக்கொள்வார். பிற்பகலிலும் இதே பணி தொடரும். இரவில் கண் களைத்த பின் பிறரைப் படிக்கச் செய்து கேட்பார். கற்றதை மறவாமல் இருக்க ஒரு நூலையே பலமுறை படிக்கவும் தயங்கவில்லை. இவ்வாறு சில ஆண்டுகளில் இவர் தொகுத்த சொற்பட்டியல் இருபதாயிரத்தில் தொடங்கி நாற்பதாயிரம் சொற்கள்வரை வளர்ந்தது.

ஆனால் இவருக்குத் தமிழ் கற்பித்தவர் அதற்கான விலையைக் கொடுக்க நேர்ந்தது. அழகப்பன் தரங்கம்பாடியிலிருந்து வெளியேற்றப்பட்டார். தஞ்சை நாட்டில், சமய மறைபொருள்களை அயலாருக்கு வெளிப்படுத்தினார் என்ற குற்றச்சாட்டில் விலங்கிடப்பட்டுச் சிறையிலும் இருந்தார். மறைபரப்பாளர் வரலாறுகள் பலவற்றில் இவரைப் பற்றி ஓரிரு வரிகளே காணப்படுகின்றன. அழகப்பன் இல்லையெனில் சீகன்பால்க்கின் தமிழ்ப் பணியில் பெரும்பகுதி நிகழ்ந்திராது என்பதே பொருத்தமான மதிப்பீடாகும்.

பள்ளிகளும் கோயிலும்

தரங்கம்பாடியில் டேனியருக்கென 1701 இல் கட்டப்பட்ட சீயோன் ஆலயம் இருந்தது. அங்கிருந்த டேனிய குருமார் புதிதாக வந்த இருவரையும் நட்புடன் நோக்கவில்லை. எனவே தமக்கெனத் தனி ஆலயம் கட்ட முடிவுசெய்து, பெரும்பாலும் தம் சொந்த ஊதியத்தைக் கொண்டே கட்டினர். புதிய எருசலேம் ஆலயம் எனப் பெயரிடப்பட்ட அக்கோயில் 1707 ஆகஸ்ட் 14 அன்று திறக்கப்பட்டது. அங்குத் தமிழிலும் போர்த்துக்கீசு மொழியிலும் வழிபாடு நடந்தது.

முதலில் திருமுழுக்குப் பெற்றவர்கள் டேனியரின் வீடுகளில் அடிமைகளாக இருந்த ஐவர் (1707 மே). தமிழர் முதன்முதலாகத் திருமுழுக்குப் பெற்றது அதே ஆண்டு செப்டம்பரில் ஆகும். எண்ணிக்கை என்றுமே பெரிதாக இருக்கவில்லை. சமயம் மாறியவர்கள் தம் உறவினரையும் தொழிலையும் இழந்தனர். பலருக்குச் சபையே உணவளிக்க வேண்டியிருந்தது. இது சபையின் செலவைப் பெருக்கியதோடு, வயிற்றுப்பிழைப்புக்காகவே மக்கள் மாறுகின்றனர் என்ற குற்றச்சாட்டுக்கும் இடமளித்தது.

1707 முதலே தமிழ்ப் பிள்ளைகளுக்கும் போர்த்துக்கீசு பேசும் பிள்ளைகளுக்கும் பள்ளிகள் நடத்தப்பட்டன. பெண்பிள்ளைகளும் இவற்றில் பயின்றனர். அக்காலத் தமிழகத்தில் பெண்பிள்ளைகளுக்கு முறையான பள்ளிக்கல்வி அரிதாக இருந்ததால் இது குறிப்பிடத்தக்கது. சாதி வேறுபாட்டைப் பொறுத்தவரை இச்சபையின் வரலாறு அத்தனை பெருமைக்குரியதன்று. தரங்கம்பாடி மறைபணித்தளத்தின் ஆலயங்களில் சாதிவாரியாகத் தனித்தனியே அமரும் வழக்கம் நிலவியது. அது பல தலைமுறைகளுக்கு நீடித்தது.

சிறைவாசம்

1708 ஆம் ஆண்டு சீகன்பால்க்குக்குத் துன்பம் மிகுந்த ஆண்டாகும். ஐரோப்பாவிலிருந்து இவருடைய பணிக்காக அனுப்பப்பட்ட பணப்பெட்டி, கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுவரப்படும்போது படகு கவிழ்ந்து கடலில் மூழ்கியது. சோழமண்டலக் கடற்கரையில் பெரிய கப்பல்கள் அணையும் துறைமுகங்கள் இல்லை. கப்பல்கள் ஆழ்கடலில் நிற்க, சரக்குகள் படகுகளில் அலைகளைக் கடந்து வரவேண்டும். ஆகையால் இவ்வாறான இழப்புகள் அரிதல்ல. எனினும் கையில் வேறு பணம் இல்லாதவருக்கு அது பேரிடியாயிற்று.

அதே ஆண்டில், ஏழைக் கைம்பெண் ஒருவரின் கடன் வழக்கில் அவருக்கு ஆதரவாகச் சீகன்பால்க் தலையிட்டார். நிருவாகத்தில் தலையிட்டு மக்களைத் தூண்டுகிறார் எனக் கொண்டு தளபதி ஹாசியஸ் இவரைக் கைதுசெய்து டேன்ஸ்போர்க் கோட்டையில் அடைத்தார். 1708 நவம்பர் முதல் 1709 மார்ச் வரை நான்கு மாதங்கள் சிறையில் இருந்தார். தொடக்கத்தில் எழுதுபொருள்கூட மறுக்கப்பட்டது. பின்னர் அது கிடைத்ததும் ஜெர்மன் மொழியில் சமய நூல்களை எழுதலானார். புதிய ஏற்பாட்டின் தமிழாக்கத்தை இவர் 1708 அக்டோபரில்தான் தொடங்கியிருந்தார். அப்பணி சிறைவாசத்தால் நின்றது. கிறித்தவ மன்னரின் ஆணையுடன் வந்த கிறித்தவ குருவைக் கிறித்தவ அதிகாரியே சிறையிலிட்டதை ஊரார் வியப்புடன் நோக்கியிருப்பர் என்பதில் ஐயமில்லை.

1709 ஜூலையில் கிரண்ட்லர் உள்ளிட்ட மூன்று புதிய மறைபரப்பாளர் வந்துசேர்ந்தனர். அவர்களுடன் வந்த பணமும் அரச ஆணைகளும் நிலைமையை ஓரளவு சீராக்கின. கிரண்ட்லர் இறுதிவரை சீகன்பால்க்கின் உற்ற துணைவராக இருந்தார். புளுட்சோ 1711 இல் ஐரோப்பா திரும்பினார்.

டேனிய எல்லைக்கு வெளியே செல்வதும் எளிதாக இருக்கவில்லை. தஞ்சை மன்னரின் இசைவின்றி ஐரோப்பியர் உள்நாட்டுக்குள் செல்ல இயலாது. 1709 இல் உள்ளூர் உடையணிந்து தஞ்சை நோக்கிப் புறப்பட்ட சீகன்பால்க் இடைவழியிலேயே திரும்ப நேர்ந்தது. டச்சுக்காரரிடம் இருந்த நாகப்பட்டினத்துக்கும், 1710 இல் ஆங்கிலேயரிடம் இருந்த சென்னைக்கும் சென்றுவந்தார். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரங்களில் சீர்திருத்தத் திருச்சபையினரின் பள்ளிகள் வேரூன்றியது இதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் பிற்பட்ட காலத்தில், ஸ்காட்லாந்து மறைபணியாளர் வழியாகவே ஆகும்.

ஓலைச்சுவடிகளும் தமிழர் கடிதங்களும்

தமிழகம் வரும்போது சீகன்பால்க் தமிழரைக் கல்வியும் ஒழுங்கும் அற்றவர்களாகவே எண்ணியிருந்தார். ஐரோப்பாவில் அக்காலத்தில் பரவலாக நிலவிய எண்ணம் இது. தமிழ் நூல்களைப் படிக்கத் தொடங்கியதும் அக்கருத்து மாறியதை இவரே பதிவு செய்துள்ளார். அறநெறி குறித்துத் தமிழர் கொண்டிருந்த தெளிவும், அவர்களிடையே புலமை பெற்றிருந்த இடமும் இவரை வியப்பில் ஆழ்த்தின. 1708 ஆம் ஆண்டளவிலேயே நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்று நீதிநூல்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்.

நூல்களைத் திரட்டுவதில் இவர் காட்டிய ஊக்கம் குறிப்பிடத்தக்கது. எழுத்தர்களை ஊர் ஊராக அனுப்பி, புலமை மிக்க குடும்பங்களில் ஆண்கள் இறந்த பின் கைம்பெண்களிடம் எஞ்சியிருந்த ஓலைச்சுவடிகளை விலைக்கு வாங்கச் செய்தார். இவ்வாறு இரண்டே ஆண்டுகளில் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு 1708 இல் விளக்கப்பட்டியல் ஒன்றை எழுதினார். பிப்லியோதெக்கா மலபாரிக்கா என்பது அதன் பெயர். ஒவ்வொரு நூலின் பெயரையும் தந்து, அதன் பொருள் என்ன, எவர் அதனைப் படிக்கின்றனர், கிடைப்பது எளிதா அரிதா என்றெல்லாம் குறிப்பு எழுதினார். திருக்குறளும் அப்பட்டியலில் உண்டு. இவர் திரட்டிய சுவடிகளில் பெரும்பாலானவை பிற்காலத்தில் அழிந்துபோயின. எனவே, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரிப் படுகையில் மக்கள் எந்நூல்களைக் கையாண்டனர் என்பதை அறிய இப்பட்டியல் இன்று அரிய சான்றாக விளங்குகிறது.

தரங்கம்பாடியில் இருந்தபடியே நாட்டின் பிற பகுதிகளில் உள்ள அறிஞரோடு உரையாட இவரும் கிரண்ட்லரும் கடிதங்களைப் பயன்படுத்தினர். வழிபாடு, மறுபிறப்பு, திருமணம், கல்வி, மருத்துவம் முதலியவை குறித்துக் கேள்விகள் எழுதி அனுப்பினர். 1712 முதல் 1714 வரை வந்த மறுமொழிகளை ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஹாலேக்கு அனுப்ப, அவை 1714, 1717 ஆகிய ஆண்டுகளில் அச்சாயின. ஏறத்தாழ நூறு கடிதங்கள் உள்ளன. இவற்றில் கணிசமானவற்றை எழுதியவர் அழகப்பனே என ஆய்வாளர் கருதுகின்றனர்.

இக்கடிதங்களின் சிறப்பு, அவற்றில் தமிழர் தயக்கமின்றிப் பேசியுள்ளமையாகும். கிறித்தவ நெறி நல்லதாயின் அதனைப் பின்பற்றும் ஐரோப்பியர் ஏன் இவ்வாறு குடிக்கின்றனர், ஏன் தூய்மை பேணுவதில்லை, ஏன் ஒழுக்கம் தவறுகின்றனர் என்று கடிதம் எழுதியோர் வினவினர். பசு இறைச்சி உண்பதையும் பழித்தனர். சீகன்பால்க் இவற்றை நீக்கிவிடாமல் மொழிபெயர்த்து அனுப்பினார் என்பது இவருடைய நேர்மைக்குச் சான்று. சபை ஊழியர் ஒருவர் தம் சபைக்கு எதிரான வாதங்களைத் தாமே தம் நாட்டாருக்குக் கொண்டுசேர்ப்பது எக்காலத்திலும் அரிதே.

1711 இல் தமிழரின் சமயம் பற்றி ஒரு நூலையும், 1713 இல் தென்னிந்தியக் கடவுளரின் வழிமுறை பற்றி மற்றொரு நூலையும் ஜெர்மன் மொழியில் எழுதினார். சிவன், திருமால் முதலிய பெருந்தெய்வங்களுடன் ஐயனார், மாரியம்மன், எல்லம்மன், அங்காளம்மன், பிடாரி போன்ற ஊர்த்தெய்வங்களையும் அவற்றின் வழிபாடுகளையும் இரண்டாவது நூல் விரிவாகப் பதிவுசெய்கிறது. உயர்குடியினரின் வடமொழி நூல்களையே இந்து சமயமாகக் கண்ட பிற்கால ஐரோப்பிய அறிஞர் பலர் தவறவிட்ட செய்திகள் இவை. கையெழுத்துப் படி ஹாலேக்குச் சென்றது. மறைபரப்பாளர் பிற சமயத்தை ஒழிக்கச் சென்றவர்களேயன்றி அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்பச் சென்றவர்கள் அல்லர் என்ற கருத்தில் பிராங்கே அதனை அச்சிட மறுத்துவிட்டார். நூல் 154 ஆண்டுகள் கழித்து 1867 இல் சென்னையில் வில்ஹெல்ம் கெர்மான் என்பவரால் பதிப்பிக்கப்பட்டது. 1711 ஆம் ஆண்டு நூல் 1926 இல்தான் அச்சேறியது.

அச்சுப் பணி

தமிழ் அச்சுக்கலை சீகன்பால்க்குடன் தொடங்கியதன்று. 1578 இல் கொல்லத்தில் போர்த்துக்கீசிய இயேசு சபைத் துறவி அன்றீக்கே அன்றீக்கசின் தம்பிரான் வணக்கம் அச்சிடப்பட்டது. ஆயினும் பதினேழாம் நூற்றாண்டில் அம்மரபு நலிந்து, தொடர்ச்சியின்றிப் போயிற்று. தரங்கம்பாடியிலோ ஓலையில் எழுத்தாணியால் படியெடுப்பதே ஒரே வழி. பள்ளிப் பிள்ளைகளுக்கும் சபையாருக்கும் வேண்டிய படிகளை எழுத ஆறேழு எழுத்தர்களை அமர்த்தினாலும் போதவில்லை, செலவும் மிகுந்தது.

லண்டனில் இருந்த கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் (எஸ்.பி.சி.கே.) உதவ முன்வந்து அச்சுப்பொறி ஒன்றையும் போர்த்துக்கீசு எழுத்துகளையும் அச்சாளர் ஒருவரையும் அனுப்பியது. கப்பல் பிரேசில் கரையில் பிரெஞ்சுக்காரரிடம் சிக்கியது. மீண்டு வரும் வழியில் அச்சாளர் இறந்துபோனார். அச்சுப்பொறி மட்டும் 1712 இல் வந்துசேர்ந்தது. டேனிய நிறுவனத்தின் படைவீரர்களுள் அச்சுத்தொழில் தெரிந்த ஜெர்மானியர் ஒருவர் இருந்ததால் பணி தொடங்கியது.

அடுத்து தமிழ் எழுத்துகள். தரங்கம்பாடியிலிருந்து அனுப்பிய எழுத்துருக்களைப் பார்த்து ஹாலேயில் அச்செழுத்துகள் வார்க்கப்பட்டு 1713 இல் வந்தன. தமிழ் அறியாதவர்கள், தமிழ் வழங்காத நாட்டில் செய்த எழுத்துகள் அவை. மிகப் பெரியனவாக இருந்தமையால் ஒரு பக்கத்தில் சில வரிகளே அடங்கின. காகிதமோ ஐரோப்பாவிலிருந்து வரவேண்டும். கப்பல் தாமதமானால் பணி நின்றுவிடும். அப்பெரிய எழுத்துகளால் புதிய ஏற்பாடு முழுவதையும் அச்சிடக் கையிருப்பில் இருந்த காகிதம் போதாது என்பது விரைவில் தெளிவாயிற்று. ஹாலேயிலிருந்து வந்திருந்த எழுத்து வார்ப்பாளர் ஆட்லர், தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வெட்டி வார்த்தார். ஈயம் தட்டுப்பாடாக இருந்ததால், இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்ட பாலாடைக்கட்டியைப் பொதிந்திருந்த ஈயத் தகடுகளை உருக்கிப் பயன்படுத்தியதாகச் சொல்லப்படுகிறது. தமிழ் எழுத்துருக்களின் வரலாற்றில் ஆர்வமுள்ளோர், இன்று கணினித் தமிழுக்காக உழைப்போர் உட்பட, இந்நிகழ்வை அறிந்திருப்பது நன்று. எழுத்தின் அளவு என்பது அழகு சார்ந்த முடிவாக இல்லாமல், கையில் உள்ள காகிதத்தையும் உலோகத்தையும் சார்ந்த கணக்காக இருந்தது.

நான்கு நற்செய்தி நூல்களும் திருத்தூதர் பணிகளும் 1714 இலும், எஞ்சிய பகுதி சிறிய எழுத்துகளில் 1715 இலும் அச்சிடப்பட்டன. இந்திய மொழி ஒன்றில் முழுமையாக அச்சான முதல் புதிய ஏற்பாடு இதுவே. காகிதத் தட்டுப்பாட்டைப் போக்க அருகிலுள்ள பொறையாறில் காகித ஆலை ஒன்றும் அமைக்கப்பட்டது. ஆனால் அது எதிர்பார்த்த பயனைத் தரவில்லை.

மொழிபெயர்ப்பின் நடை குறித்துக் கருத்து வேறுபாடுகள் உண்டு. கடற்கரை ஊரில் பேசப்பட்ட எளிய தமிழை ஒட்டியே சீகன்பால்க் எழுதினார். இவரது சமகாலத்தவரான இத்தாலிய இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர், தரங்கம்பாடியாரின் தமிழைக் கடுமையாகச் சாடினார். செந்தமிழ்ப் புலமையில் வீரமாமுனிவருடன் சீகன்பால்க்கை ஒப்பிட இயலாது என்பது உண்மை. எனினும் இருவரின் நோக்கமும் வேறு. புலவர் அவையை நோக்கி ஒருவரும் பள்ளிச் சிறுவரையும் அடிமைகளையும் நோக்கி மற்றவரும் எழுதினர்.

ஐரோப்பியப் பயணம்

1714 அக்டோபரில் சீகன்பால்க் மலையப்பன் என்னும் தமிழ் இளைஞருடன் ஐரோப்பா புறப்பட்டார். கப்பலிலும் தமிழ்ப் பேச்சு தடைப்படாமல் இருக்க மலையப்பன் உதவினார். இப்பயணத்தில் இவர் எழுதிய கிராமத்திக்கா டமுலிக்கா என்னும் தமிழ் இலக்கணம் இலத்தீன் மொழியில் 1716 இல் ஹாலேயில் அச்சாயிற்று. ஐரோப்பியர் தமிழ் கற்பதற்காக எழுதப்பட்ட இந்நூல் பேச்சுத் தமிழின் வடிவங்களையும் பதிவு செய்துள்ளமையால் மொழியியலார் இதனைப் பெரிதும் மதிக்கின்றனர்.

டென்மார்க் மன்னரையும், இங்கிலாந்தில் மன்னர் முதலாம் ஜார்ஜையும் சந்தித்தார். ஹாலேயில் தம் முன்னாள் மாணவியான மரியா டொரோத்தியா சால்ஸ்மன் என்பவரை மணந்து, மனைவியுடன் 1716 ஆகஸ்ட் மாதம் தமிழகம் திரும்பினார். இவருடைய கடிதங்களும் அறிக்கைகளும் அதற்குள் ஐரோப்பாவில் பலராலும் படிக்கப்பட்டு வந்தன. ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்தவர்களுள் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாயார் சூசன்னாவும் ஒருவர்.

இறுதி ஆண்டுகள்

திரும்பியபின் உள்ளூர் ஆசிரியர்களையும் உபதேசியார்களையும் பயிற்றுவிக்கும் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். ஆங்கிலேயர் வசமிருந்த கடலூரிலும் சென்னையிலும் 1717 இல் பள்ளிகள் நிறுவப்பட்டன. கடல் அரிப்பாலும் இடப்பற்றாக்குறையாலும் பழைய ஆலயம் பயன்படாது போனதால் புதிய எருசலேம் ஆலயம் வேறிடத்தில் மீண்டும் கட்டப்பட்டு 1718 அக்டோபர் 11 அன்று திறக்கப்பட்டது.

இவ்வாண்டுகளில் தரங்கம்பாடியில் இவருக்கு எதிர்ப்பு குறைந்திருந்தது. ஹாசியஸ் பதவியிலிருந்து நீங்கியிருந்தார். துன்பம் இம்முறை கோபன்ஹேகனிலிருந்து வந்தது. மறைபணிகளை மேற்பார்வையிட 1714 இல் அங்கு அமைக்கப்பட்ட குழுவின் செயலர் வெண்ட் என்பவர், மறைபரப்பாளர் திருத்தூதரைப்போல் உடைமையும் குடும்பமும் கட்டடங்களும் இன்றி ஊர் ஊராகச் சென்று போதிக்க வேண்டும் என்ற கருத்துடையவர். பள்ளி, ஆலயம், அச்சுக்கூடம், மனைவி, வீடு அனைத்தும் அவர் பார்வையில் உலகியல் பற்றுகளாகத் தோன்றின. தஞ்சை எல்லையைத் தாண்டவே இசைவு இல்லாத இடத்தில் ஊர் ஊராகச் செல்வது எங்ஙனம் என்பதை அவர் எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை. கப்பலில் ஒரு கடிதம் சென்று மறுமொழி வர ஓராண்டுக்கும் மேல் ஆகும். ஒரு குற்றச்சாட்டுக்கு விளக்கம் போய்ச் சேருமுன் அடுத்த கண்டனம் வந்துவிடும். பண உதவியும் சுருங்கியது.

ஏற்கெனவே வயிற்று நோயால் நலிந்திருந்த சீகன்பால்க்கை இக்கடிதங்கள் மேலும் தளர்த்தின என்று வரலாற்றாசிரியர் கூறுகின்றனர். பழைய ஏற்பாட்டை ரூத் நூல் வரை தமிழாக்கம் செய்திருந்த நிலையில் 1719 பெப்ரவரி 23 அன்று தரங்கம்பாடியில் காலமானார். தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். கிரண்ட்லரும் மறு ஆண்டு மார்ச்சில் இறந்தார்.

பிற்காலம்

எஞ்சிய பழைய ஏற்பாட்டுப் பகுதிகளை 1719 இல் தரங்கம்பாடி வந்த பெஞ்சமின் சூல்ட்ஸ் மொழிபெயர்த்து முடித்தார். 1733 இல் ஆரோன் என்பவர் குருப்பட்டம் பெற்று, சீர்திருத்தத் திருச்சபையின் முதல் தமிழ்க் குருவானார். 1845 இல் டேனியர் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றனர். இம்மறைபணித்தளத்தின் வழிவந்த சபைகள் 1919 இல் தமிழ் சுவிசேட லூத்தரன் திருச்சபையாக அமைந்தன. அதன் பேராயர் தரங்கம்பாடிப் பேராயர் என அழைக்கப்படுகிறார்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் தரங்கம்பாடி பெரும் உயிரிழப்பையும் சேதத்தையும் சந்தித்தது. 2006 ஜூலையில் சீகன்பால்க் கரையிறங்கியதன் முந்நூறாம் ஆண்டு விழா அங்குக் கொண்டாடப்பட்டது. அரசர் வீதியில் உள்ள புதிய எருசலேம் ஆலயம் வழிபாட்டில் உள்ளது. அதன் முகப்பில் நான்காம் பிரெடெரிக் மன்னரின் முத்திரையையும் 1718 என்ற ஆண்டையும் காணலாம். உள்ளே சீகன்பால்க்கின் கல்லறை உள்ளது.